வழியனுப்புக் கயிறு

நான்கு வருடங்களாகச் செத்துக் கிடந்த ஊர் ஒலிபெருக்கி அன்று காலை ஐந்தரை மணிக்கு அலறியது.

முதலில் நீளமாக ஒரு கிறீச். பிறகு யாரோ ஊதிப் பார்க்கும் சத்தம். ஹாட்கெங் கிராமத்து நாய்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஆற்றை நோக்கி ஓடின. அதன் பிறகுதான் குரல் வந்தது.

"ஹாட்கெங் மக்களுக்கு ஆசியப் பொதுவளமைப் பேரவையின் வாழ்த்துகள். நீங்கள் வளமை அடைந்துவிட்டீர்கள். பதற்றப்பட வேண்டாம்."

இன்பெங் கொசுவலையை மடித்துக்கொண்டிருந்தார். சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி சந்தலா, மூங்கில் கூம்பில் ஒட்டரிசி வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்றாள் அடுப்படியிலிருந்து.

"நாம வளமை அடைஞ்சிட்டோமாம்."

"எப்போ?"

"அதைச் சொல்லலை."

"சரி, வந்த வளமை அங்கேயே நிக்கட்டும். நீ அந்த விறகை உள்ள தள்ளு. சோறு இன்னும் வேகலை."

விடிந்ததும் ஊரே கம்பத்தடியில் கூடியது. எலி தின்ற பழைய ஒயரைக் காணவில்லை. புது ஒயர் கறுப்பாகப் பளபளத்தது. யார் ஏறி மாட்டினார்கள், எப்போது மாட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. ஊர்த்தலைவர் கம்மான், ஒலிபெருக்கியைச் சரிசெய்து தரும்படி நான்கு வருடத்தில் பதினோரு மனு எழுதியவர், கம்பத்தை அண்ணாந்து பார்த்தபடி, "மனு வேலை செய்யுதுப்பா" என்றார். அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை.

இதற்கு இரண்டு மாதம் முன்பே பேரவையின் வானநீலச் சட்டைக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். விகாரைக்குப் பின்னால் நிற்கும் இலவ மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி, விகாரைக் கூரையின் நாகத் தலையைவிட இரண்டு ஆள் உயரத்தில், மரத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள்.

"இது எதுக்குங்க?" என்று கம்மான் கேட்டார்.

"வளமையின் மட்டம். இதுவரைக்கும் வரும்" என்றார் ஏணியில் நின்றவர்.

அவ்வளவு உயரத்துக்கு வளமை வரும் என்பதில் கம்மானுக்குப் பெருமை. ஊரில் நாலு பேரிடம் சொன்னார். மறுவாரம் சந்தலாவின் அண்ணன் சாய்கம், மேலூரான பான் புங்கிலிருந்து டயர் ஒட்ட வந்தார். இலவ மரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க ஊர்லயும் போட்டாங்க" என்றார்.

கிளம்பும்போது ஒரு கேன் ஆற்றுத் தண்ணீர் கேட்டார். "மேல லாரியில தண்ணி வருது. மருந்து வாடை. ஆத்துத் தண்ணியில வெந்தாத்தான் எனக்குச் சோறு இறங்குது."

பான் புங் இப்போது ஆற்றங்கரையில் இல்லை. மலைமேல் நீலத்தகரக் கூரை போட்ட நூற்றுமுப்பது வீடுகளாக வரிசையாக நிற்கிறது. ஒவ்வொரு கதவிலும் எண். இடம் மாறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் பேரவை அந்த ஊருக்கு இலவசக் குடை கொடுத்தது. குடை வாங்கியதற்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்து இருந்த தாளில் குடை என்ற சொல் எங்குமே இல்லை என்பது வெயில் வந்த பிறகுதான் தெரிந்தது.

அதனால் எங்கள் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்திருந்தது. யாரும் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. கைநாட்டும் கிடையாது. கடைசியில் பள்ளிக்கூட வாத்தியார் வருகைப் பதிவேட்டில்கூடக் கையெழுத்துப் போட மறுத்து, ஒரு மாதமாக வேலைக்கு வராதவராகக் கணக்கானார். சந்தலா வீட்டிலிருந்த ஒரே பேனாவை ஆற்றில் எறிந்தாள். திருமணப் பத்திரிகையில் பெயர் எழுதித் தரச் சொன்னவனை இன்பெங் ஸ்பானரோடு துரத்தினார். பேரவைக்காரர்கள் மூன்று முறை தாள்களோடு வந்தார்கள். மூன்று முறையும் பப்பாளிக்காயை மிளகாயோடு இடித்துக் கொடுத்து, சிரித்துப் பேசி, வெறும் தாளோடு அனுப்பிவைத்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒலிபெருக்கி அலறியது. அன்று மத்தியானமே பேரவையின் இணை இயக்குநர் தெப்பகோன் நேரில் வந்தார். வழுவழுப்பான மனிதர். கம்மான் வீட்டில் பாய்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க, பேனா இல்லை. தாளும் இல்லை. கையெழுத்துப் பேச்சே வேண்டாம். சனிக்கிழமை ஆறு நாட்டு விருந்தாளிங்க வர்றாங்க. உங்க ஊர் சடங்கு ஒண்ணு பாக்கணும்னு ஆசைப்படறாங்க. கயிறு கட்டுற சடங்கு. அவ்வளவுதான்."

எங்களால் மறுக்க முடியாத ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது இதுதான். வாசலுக்கு வந்த விருந்தாளி கயிறு கட்டச் சொன்னால், பகையாளியாக இருந்தாலும் கட்டித்தான் ஆகவேண்டும். மனிதனுக்குள் முப்பத்திரண்டு உயிர்கள் இருக்கின்றன. அவை சும்மா இருக்காது. பயம் வந்தாலும் பயணம் வந்தாலும் கழன்று திரியும். அவற்றைக் கூப்பிட்டு உட்காரவைத்து மணிக்கட்டில் வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டால் மனிதன் முழுசாக இருப்பான். கூப்பிடுவதற்கு ஊருக்கு ஒருவர் உண்டு. எங்கள் ஊரில் அது இன்பெங். டயரில் காற்று நிற்கவைப்பவரும் அவரே, உடம்பில் உயிர் நிற்கவைப்பவரும் அவரே என்று சந்தலா சொல்வாள். "ரெண்டும் ஒரு வாரம்தான் தாங்கும்" என்றும் சேர்த்துச் சொல்வாள்.

"கட்டிடலாங்க" என்றார் இன்பெங். "வரவேற்பா, வழியனுப்பா? ரெண்டுக்கும் மந்திரம் வேற வேற."

தெப்பகோன் ஒரு கணம் யோசித்தார்.

"வழியனுப்பு" என்றார்.

"இப்பத்தானே வர்றாங்க?"

"வழியனுப்பே இருக்கட்டும்."

அவர் போனதும் சந்தலா, "கால் தூசி தட்டறதுக்குள்ள வழியனுப்பா? நல்ல விருந்தாளிங்க" என்றாள். கம்மானுக்கு மட்டும் நிம்மதி. சீக்கிரம் கிளம்புகிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்று அவர் நினைத்தார்.

சனிக்கிழமை காலை பதினான்கு வெள்ளை வண்டிகள் வந்தன. விகாரை மண்டபத்தில் வாழையிலைக் கோபுரம் செய்து, செவ்வந்தி செருகி, அடியில் அவித்த கோழி, முட்டை, வாழைப்பழம், அரிசிச் சாராயம் எல்லாம் வைத்திருந்தோம். கோபுரத்துக் குச்சிகளில் வெண்ணூல் தொங்கியது. ஆறு விருந்தாளிகளும் பாயில் உட்காரத் தெரியாமல் பக்கவாட்டில் சாய்ந்தார்கள். தெப்பகோன் எழுந்து பேசினார்.

"பெரியோர்களே! ஆசியா எழுந்துவிட்டது. இது நம்முடைய நூற்றாண்டு. ஆனால் இவ்வளவு பெரிய உருவம் எழுந்து நிற்க வேண்டுமென்றால் எங்காவது காலை ஊன்றியாக வேண்டும். அந்த இடமாக உங்கள் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது."

நாங்கள் கைதட்டினோம்.

"இந்த ஆறு பல்லாயிரம் வருடமாக உங்கள் வாசல் வழியாகச் சும்மா போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் மீன் பிடித்தீர்கள். தண்ணீர் வடிந்த கரையில் வேர்க்கடலை போட்டீர்கள். அதெல்லாம் பொருளாதாரம் அல்ல, பழக்கம். இனி ஆற்றுக்கு ஓட்டம் இருக்காது. அது நிற்கும். ஆழமாக, அமைதியாக, உயரமாக நிற்கும்."

இங்கே அவர் இலவ மரத்தைப் பார்த்தார். விருந்தாளிகளும் பார்த்தார்கள். ஒருவர் தலையாட்டினார்.

"பொதுவளமை என்றால் பகிர்ந்துகொள்வது. ஒரு நாட்டுக்கு மின்சாரம். ஒரு நாட்டுக்குச் சாலை. ஒரு நாட்டுக்குச் சிமெண்டு. ஒரு நாட்டுக்கு இரும்பு. ஒரு நாட்டுக்கு வட்டி. ஆறாவது நாட்டுக்கு..." தாளைத் திருப்பினார். "ஆலோசனை. அப்படியானால் எங்களுக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பகிர்ந்துகொள்வதற்கு ஒரு பொருள் வேண்டுமல்லவா? அதைத் தருகிற பெருமை உங்களுடையது."

மறுபடியும் கைதட்டினோம். பேச்சில் பேனா இல்லை, ஆகவே பயமில்லை.

இன்பெங் மந்திரத்தைத் தொடங்கினார். தூரம் போகிறவர்களே, காட்டில் தங்காதீர்கள், கல்லில் இடறாதீர்கள், உயிர்களே, எந்த மலையில் இருந்தாலும் திரும்பி வாருங்கள் என்று அவர் இழுத்துப் பாடும்போது கேட்கிறவர்களுக்கு வெளியூர் போன பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். வழியனுப்பு மந்திரம் அப்படித்தான். பிறகு நூல் கட்டினார். தெப்பகோனின் கையில் ஊரே வரிசையாக வந்து கட்டியது. முழங்கை வரை நூல் ஏறி, கட்டுப்போட்ட கை மாதிரி ஆனது. விருந்தாளிகளும் பதிலுக்கு எங்கள் எல்லோருக்கும் கட்டினார்கள். நூல் கட்டும்போது எட்டாதவர்கள் முன்னால் இருப்பவரின் முழங்கையைத் தொடுவார்கள். அவரை இன்னொருவர் தொடுவார். இப்படித் தொட்டுத் தொட்டு மண்டபத்தின் கடைசி ஆள் வரை சங்கிலி போகும். தொடாதவனுக்கு ஆசி இல்லை. அதுமட்டுமல்ல, அவன் அந்த இடத்தில் எல்லோருக்கும் ஆசியை அறுத்துவிடுகிறான்.

கூரைக்கு வெளியே ஒரு கறுப்பு இயந்திரம் பெரிய குளவிபோல் ரீங்கரித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. தூணோரம் நீலச் சட்டைக்காரன் ஒருவன் உள்ளங்கையில் சின்னக் கருவி வைத்திருந்தான். அவன் கட்டைவிரல் அசையும்போதெல்லாம் 'டிக்' என்றது.

"அண்ணே, அந்தத் தூணுக்குப் பின்னால இருக்கறவங்க தொடலை" என்றான் இன்பெங்கின் காதில், மிகுந்த மரியாதையோடு.

"தொடுங்கப்பா! யாரும் விட்டுப் போகக்கூடாது!" என்று இன்பெங் குரல் கொடுத்தார்.

டிக், டிக், டிக்.

அடுப்படியில் கோழி கிண்டிக்கொண்டிருந்த சந்தலாவையும் அவரே மூன்று முறை கூப்பிட்டார். "வந்து தொட்டுட்டுப் போடி! ஆசி அறுந்துடும்!" அவள் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, முன்னால் இருந்த தன் மகள் மனிவோனின் முழங்கையைத் தொட்டாள்.

டிக். இருநூற்றுப் பதினான்கு.

மனிவோனுக்கு இருபத்துநான்கு வயது. எல்லைப்புறத் தொழில் மண்டலத்தில், செருப்புத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். கடைசியாக அவள் ஊரைவிட்டுக் கிளம்பியபோது இன்பெங் தன் கையால் வழியனுப்புக் கயிறு கட்டினார். கயிறு மூன்று நாள் கையில் இருக்க வேண்டும். பிறகும் அவிழ்க்கலாமே தவிர அறுக்கக் கூடாது. இரண்டாம் நாளே தொழிற்சாலை மேற்பார்வையாளர், இயந்திரத்தில் சிக்கும், பாதுகாப்பு விதி என்று சொல்லிக் கத்தரிக்கோலை நீட்டினார். மனிவோன் அறுத்தாள். இருபது நாள் கழித்து அதே பாதுகாப்பான இயந்திரம் அவள் வலதுகையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அதைப் பற்றி இன்பெங் எதிரில் யாரும் பேசுவதில்லை.

விருந்தாளிகள் கோழியைத் தொடாமல் கிளம்பினார்கள். வெள்ளை வண்டிகள் போன பிறகு அந்தக் கறுப்புக் குளவி மட்டும் இலவ மரத்தின் சிவப்புக் கோட்டு உயரத்தில், ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஒலிபெருக்கி மறுபடியும் பேசியது.

"ஹாட்கெங் மக்களின் ஒருமித்த சம்மதத்துக்குப் பேரவையின் நன்றி. எளிய மக்களிடம் பேனாவை நீட்டுவது பண்பாட்டு அவமதிப்பு என்று உணர்ந்து, பேரவை தன் ஒன்பதாம் விதியைத் திருத்தியுள்ளது. உள்ளூர் மரபுப்படி ஒருவரை ஒருவர் தொட்டு இணைவதே இனிச் சம்மதம். கயிறு மூன்று நாள் மணிக்கட்டில் இருந்தால் அந்தச் சம்மதம் முதிர்ச்சி அடையும். ஆட்சேபம் உள்ளவர்கள் செவ்வாய் நண்பகலுக்குள் மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் வந்து, கயிறில்லாத கையைக் காட்டலாம். சம்மதம் முதிர்ந்த நாற்பதாம் நாள் வளமை வரத் தொடங்கும். உடைமைகளை உயரத்தில் வைக்கவும்."

கம்பத்தின் கீழே ஒரு பெரிய படம் கட்டப்பட்டிருந்தது. இதையும் யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை. மேலிருந்து எடுத்த படம். மண்டபத்தில் நாங்கள் எல்லோரும் ஒருவர் முழங்கையை ஒருவர் தொட்டபடி இருந்தோம். எங்கள் கைகளை இணைத்துச் சிவப்புக் கோடு ஓடியது. கோடு தெப்பகோனில் தொடங்கி சந்தலாவில் முடிந்தது. ஒவ்வொரு தலைமேலும் எண். இன்பெங்கின் தலைமேல் 'முதல் சம்மதர்' என்று எழுதியிருந்தது.

மண்டபத்தில் ஊர் கூடியது.

"நாமதான் கையெழுத்தே போடலையே!" என்றார் கம்மான்.

"கையெழுத்துப் போடலைதான்" என்றாள் சந்தலா. "கையையே குடுத்துட்டோம். இந்த மனுசன் பஞ்சர் கடையில கூவுற மாதிரி கூவிக் கூவிக் கூப்பிட்டாரு. என் கொல்லையில கடலை இன்னும் பூவே விடலை. நாப்பது நாள்ல அது ஆத்துக்கு அடியில கிடக்கும்."

"அறுத்துட்டா சரியாப் போச்சு. அதான் சொல்றாங்களே, கயிறில்லாத கையைக் காட்டுன்னு."

"அறு பாப்போம். நீதானே ஊர்த்தலைவர்."

கம்மான் தன் மணிக்கட்டைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "இன்னும் மூணு நாள் ஆகலையேம்மா" என்றார் மெதுவாக.

யாரும் அறுக்கவில்லை. யாரும் போகவும் இல்லை. எல்லோரும் இன்பெங்கையே பார்த்தார்கள். கட்டியவர் அவர்தான். அறுக்கலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்பெங் வாயைத் திறந்தார். அவர் கண் தன்னையறியாமல் மகளின் வலதுகைக்குப் போனது.

மனிவோன் எழுந்தாள்.

"டியூப் வெட்டுற பிளேடு எங்கப்பா?"

"வேணாம்மா."

"நான் ஏற்கனவே ஒரு தடவை அறுத்தவதானே. ரெண்டு விரல் போச்சு. விரல் இன்னும் எட்டு இருக்கு. ஊரு ஒண்ணுதான் இருக்கு."

இன்பெங் இடுப்பிலிருந்து பிளேடை எடுத்தார். தரவில்லை. மகளின் கயிற்றைத் தானே அறுத்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி, எந்த மந்திரத்திலும் இல்லாத சொற்களைச் சொன்னார். "முப்பத்திரண்டு பேரும் கேளுங்க. கோவிச்சுக்காதீங்க. தூரமாப் போயிடாதீங்க. எங்க கடலைக் கொல்லையில உக்காந்திருங்க. நாளைக்கு மத்தியானம் வந்து கூட்டிட்டு வந்துடறோம்."

அதன் பிறகு வரிசை நின்றது. கைக்குழந்தை உள்பட இருநூற்றுப் பதினான்கு கயிறுகள். ஒவ்வொரு கயிற்றுக்கும் இன்பெங் அதே வார்த்தைகளைச் சொன்னார். பொழுது சாயும்போது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு உயிர்கள் சந்தலாவின் கடலைக் கொல்லையில் உட்கார்ந்திருந்தன. அன்று மாலை கொல்லைப் பக்கம் யாரும் போகவில்லை. காற்றில்லாமலேயே கடலைச் செடிகள் அசைந்தன என்று சிலர் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை படகிலும் லாரியிலும் கிளம்பினோம். நடக்க முடியாத மூன்று பேரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டோம். மாவட்ட ஊரில் பேரவை அலுவலகம் நீலக் கண்ணாடியால் ஆனது. அந்த நீலத்தைப் பார்த்ததும் இன்பெங்குக்குப் பான் புங் ஞாபகம் வந்தது. மணி பத்து.

வாசலில் பட்டுப் பாவாடை கட்டிய இரண்டு பெண்கள் வெள்ளித் தட்டோடு நின்றார்கள். தட்டில் வெண்ணூல்.

"வணக்கம். வரவேற்புக் கயிறு. கையை நீட்டுங்க."

இன்பெங் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. நாங்க கயிறில்லாத கையைக் காட்டத்தான் வந்திருக்கோம்."

"இது நுழைவுச் சீட்டுங்க. இது இல்லாம உள்ள போக முடியாது" என்றார் பக்கத்தில் நின்ற காவலர். "ஒன்பதாம் விதி. பண்பாட்டை மதிச்சு அட்டைச் சீட்டை எடுத்துட்டாங்க."

வேறு வழியில்லை. ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு உள்ளே போனோம். எல்லோரும் உள்ளே போய்ச் சேர ஒரு மணிநேரம் ஆனது. உள்ளே குளிர் எலும்பில் ஏறியது. சுவரில் எங்கள் படம், இன்னும் பெரிதாக. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், சனிக்கிழமை தூணோரம் நின்ற அதே டிக்காரன் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினான்.

"அண்ணே, வாங்க. கையைக் காட்டுங்க."

இன்பெங் காட்டினார்.

"கயிறு இருக்கே."

டிக்.

"தம்பி, இது வாசல்ல இப்பக் கட்டினது. சனிக்கிழமைக் கயிறை அறுத்துட்டோம். பாரு, பையில இருக்கு." இன்பெங் பையை அவிழ்த்து இருநூற்றுப் பதினான்கு அறுந்த கயிறுகளையும் மேசைமேல் கொட்டினார்.

டிக்காரன் அவற்றை அனுதாபத்தோடு பார்த்தான். "கயிறில்லாத கைன்னுதான் விதியில இருக்குண்ணே. கையில்லாத கயிறைப் பத்தி ஒண்ணும் இல்லை. அடுத்த ஆள்."

மனிவோன் தன் கையை வாய்க்குக் கொண்டுபோய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வெறுங்கையைக் கண்ணாடியில் அறைந்து காட்டினாள். "இந்தா பாரு! கயிறு இல்லை! எழுது!"

இரண்டு காவலர்கள் வந்தார்கள். கோபமே இல்லை. "அம்மா, நுழைவுச் சீட்டு இல்லாம உள்ள இருக்கக் கூடாது" என்று மெதுவாக வெளியே கூட்டிப்போனார்கள். வெளியே இருப்பவர் ஆட்சேபம் சொல்ல முடியாது. உள்ளே வர வேண்டுமென்றால் கயிறு வேண்டும். அவள் மறுபடி வாசலுக்கு வந்தாள். கட்டினார்கள். உள்ளே வந்து அறுத்தாள். வெளியே விட்டார்கள். மூன்றாம் முறை கட்டும்போது பட்டுப் பாவாடைப் பெண் தலையை நிமிர்த்தாமல் மெல்லச் சொன்னாள்.

"விட்டுடுங்க அக்கா. நான் பான் புங். ரெண்டு வருஷமா எனக்கு இதான் வேலை."

"எத்தனை ஊருக்குக் கட்டினே?"

அந்தப் பெண் முடிச்சைக் கொஞ்சம் தளர்வாகப் போட்டாள்.

உள்ளே கம்மான், மனுவாக எழுதித் தருகிறேன், ஒரு பேனா கொடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பேனாவுக்குத் தடை போடுவதற்கு முதலில் கைதூக்கியவர் அவர்தான். பண்பாட்டை மதித்து இந்தக் கட்டடத்தில் பேனாவையே ஒழித்துவிட்டதாக டிக்காரன் பெருமையாகச் சொன்னான். சந்தலா சுவர்ப் படத்தில் தன் தலைமேல் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

அப்போது உள்கதவு திறந்து தெப்பகோன் வந்தார். முகம் மலர்ந்தது. "அடடே, இன்பெங்கண்ணே! ஊரே வந்திருக்கீங்களா? தண்ணி குடிச்சீங்களா?" என்று ஒரு பாட்டிலைத் தானே எடுத்துத் திறந்து நீட்டினார்.

இன்பெங் வாங்கி ஒரு வாய் குடித்தார். மருந்து வாடை அடித்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தார். தெப்பகோனின் மணிக்கட்டில் கடிகாரம் மட்டும் இருந்தது. சனிக்கிழமை முழங்கை வரை ஏறியிருந்த கயிற்றில் ஓர் இழைகூட இல்லை.

தான் எதற்காக வந்தோம் என்பதை ஒரு கணம் இன்பெங் மறந்துபோனார். அவர் உண்மையிலேயே பதறினார்.

"ஐயா, கயிறு எங்கய்யா? அவிழ்த்துட்டீங்களா? இன்னும் மூணு நாள் முடியலையே! அது சும்மா கயிறு இல்லைங்க, வழியனுப்புக் கயிறு. தூரம் போறவங்களுக்குக் கட்டுறது. பாதியில எடுத்தா உயிரு வழியிலயே நின்னுடும்யா. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும்!"

சுவரில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு டிக் கேட்டது. தெப்பகோன் நெகிழ்ந்துபோனார். தன் வெறுங்கையை இன்பெங்கின் தோளில் வைத்து அன்போடு அழுத்தினார்.

"பயப்படாதீங்கண்ணே. நான் வண்டியில ஏறினதுமே அறுத்துப் போட்டுட்டேன். கிளம்பறது நாங்க இல்லையே."